காதுக்கு இருபது, சந்துக்கு முப்பத்திரண்டு

கிரேன் மாஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து லாரியின் பின்பக்கத்துக்கு நேர் மேலே நிறுத்தியது. காலை வெயில் அப்போதுதான் பட்டறைத் தகரத்தில் ஏறியிருந்தது. கேஸ் கட்டிங் புகையும் சிவப்பு ஆக்சைடு பெயிண்ட் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

போர்வெல் வண்டி கட்டும் பட்டறையில் இது முகூர்த்த நேரம் மாதிரி. மாஸ்ட் என்பது வண்டியின் முதுகில் படுத்துக்கொண்டு போகும் இரும்புக் கோபுரம். போர் போடும் இடத்தில் அது எழுந்து நிற்க வேண்டும். அதற்காக லாரியின் பின்னால் இரண்டு தடித்த தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பற்றவைப்பார்கள். அவற்றைக் காது என்போம். மாஸ்ட்டின் அடியில் ஒரு நாக்கு இருக்கும். காதுகளுக்கு நடுவே உள்ள சந்தில் நாக்கை இறக்கி, குறுக்கே ஒரு பின் செருகினால் முடிந்தது வேலை.

நாக்கு இறங்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் இக்கட்டால தள்ளுங்க... போதும் போதும்... எறக்குங்க!" என்று தலைமை ஃபிட்டர் அர்த்தநாரி அண்ணன் தன் பக்கமாகக் கையை ஆட்டினார். டங் என்று ஒரு சத்தம். நாக்கு காதின் மேல் உட்கார்ந்துகொண்டு, நான் போக மாட்டேன் என்றது.

அண்ணன் டேப்பை எடுத்துச் சந்தை அளந்தார். இருபது மில்லிமீட்டர். நாக்கின் தடிமன் முப்பது. இதில் கடவுளே வந்து தள்ளினாலும் இறங்காது.

பட்டறை ஓனர் டேப்பைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். "அம்மிணி, அந்தக் காயிதத்த எடுத்துட்டு வாங்க."

நான் ஓடினேன்.

கம்ப்யூட்டர் அம்மிணி

நான் அங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் அந்த ஓட்டம் உங்களுக்குப் புரியாது.

சேலத்தில் பாலிடெக்னிக் படித்து முடித்த கையோடு ஒரு மிஷின் கம்பெனியில் வரைபட வேலைக்குப் போனேன். கல்யாணம் ஆனதும் சங்ககிரிப் பக்கம் வந்துவிட்டேன். பிறகு மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வீடே கதி. இடையில் இரண்டு முறை வேலை தேடி, இரண்டு முறையும், "கொழந்த சின்னது, பாக்கலாம்" என்ற பதிலோடு திரும்பினேன். வரைபடம் போடும் சாஃப்ட்வேர் மாறிக்கொண்டே போயிற்று. நான் பருப்பு தாளித்துக்கொண்டே கட்டளைகளை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மறந்துவிடக் கூடாதே!

திருச்செங்கோட்டில் ரிக், அதாவது போர்வெல் வண்டி கட்டும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வரைபடம் போடுகிறவர்கள் அங்கே கொஞ்சம் பேர்தான். பழைய வண்டியைப் பார்த்து அட்டை வெட்டி, அட்டையைப் பார்த்துத் தகடு வெட்டி, அப்படியே வண்டி எழுந்துவிடும். இந்த ஓனருக்கு ஆப்பிரிக்காவுக்கு ஒரு வண்டி ஆர்டர் வந்தது. வாங்குகிறவர்கள் வரைபடம் கேட்டார்கள். அந்த ஒரே காரணத்துக்காக ஸ்டோர் ரூமில் ஆயில் டின்களை ஓரம் தள்ளி, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு நாற்காலியும் போட்டார். நாற்காலியில் நான்.

"ஒரு வண்டி பாப்போமுங்க அம்மிணி. சரிப்பட்டு வந்தா இருங்க. இல்லீன்னா சேலத்துல வெளிய குடுத்து வரைஞ்சு வாங்கிக்கறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறவர்.

பட்டறையில் எனக்குப் பேரே கிடையாது. கம்ப்யூட்டர் அம்மிணி. மகள் ஒருநாள் போனில் அதைக் கேட்டுவிட்டு, "அம்மா, உனக்கு மவுஸ் முளைச்சிருக்கா?" என்று சிரித்தாள்.

அந்த ஒரு வண்டிதான் இப்போது நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

சாக்பீஸ் சட்டம்

தாளை எடுத்துக்கொண்டு வந்து லாரிப் பலகையில் விரித்தேன். சரியாகத்தான் போட்டிருந்தேன். இடது காது இருபது. நடுச் சந்து முப்பத்திரண்டு. வலது காது இருபது. எந்த இஞ்சினியரிடம் காட்டினாலும் சரி என்பார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தாளில் அந்த மூன்று இடமும் குறுகல். எண் உள்ளே அடங்காது. அடங்காவிட்டால் சாஃப்ட்வேர் என்ன செய்யும் தெரியுமா? எண்ணைத் தானாகவே தூக்கி வலப்பக்கம் வைத்துவிடும். அம்புக்குறிகளையும் வெளியே துரத்தி, இரண்டு பக்கத்திலிருந்தும் உள்நோக்கிப் பார்க்கும்படி நிறுத்திவிடும். அதனால் இடது காதின் இருபது, சந்துக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தது. சந்தின் முப்பத்திரண்டு, வலது காதின் தலையில் ஏறியிருந்தது. வலது காதின் இருபது, யாருமில்லாத வெட்டவெளியில் நின்றது.

அர்த்தநாரி அண்ணன் எண் இருந்த இடத்தை வைத்துப் படித்துவிட்டார். காதை முப்பத்திரண்டு தகட்டில் வெட்டினார். சந்துக்கு இருபது விட்டார்.

"அம்பு எங்க நிக்குதுன்னு பாருங்ணா. இந்த ரெண்டு அம்புக்கும் நடுவுல இருக்கறதுக்குத்தான் இந்த அளவு" என்றேன்.

"அம்பெல்லாம் வெளிய நின்னு ஒன்னையொன்னு மொறச்சுட்டு நிக்குதுங்க. நான் என்ன, பஞ்சாயத்துப் பண்றதுக்கா வந்திருக்கறன்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காந்தியது.

"சரிங்ணா, எடது காதுக்கு நம்பரே இல்லையே, அது உங்களுக்குத் தோணலையா? வலப்பக்கம் வெறுங் காத்துக்கு ஒரு இருபது போட்டிருந்துச்சே, அது ஆருக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"காத்துக்கு அளவு போட்டது நீங்க. நான் எதுக்குங்க கேக்கோணும்?"

பட்டறையே சிரித்தது. ஓனர் மட்டும் சிரிக்கவில்லை.

அண்ணன் பக்கத்தில் கிடந்த ஒரு தகட்டைக் காட்டினார். அதன் மேல் சாக்பீசால் 'பன்னிரண்டு' என்று பெரிதாக எழுதியிருந்தது. "இங்க எதுமேல எழுதிருக்குதோ அதோட அளவுங்க அது. எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். எது மேல உக்காருதோ, அதுக்குச் சொந்தம்."

உண்மைதான். நான் அங்கே வந்ததிலிருந்து அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். தகட்டில், குழாயில், ஆங்கிளில், எல்லாவற்றிலும் எண் அந்தப் பொருளின் மேலேயே இருக்கும். அம்பு வரைகிற வழக்கமே கிடையாது. அம்பு வரைந்தால் அதற்கு 'இது முன்பக்கம், கேபின் பக்கம்' என்று அர்த்தம். தப்பு யாருடையது என்று இன்றைக்கு என்னைக் கேட்டாலும் பாதிப் பாதி என்றுதான் சொல்வேன். அதிலும் என் பாதி கொஞ்சம் சின்னது.

கேஸ் டார்ச் வந்தது. பற்றவைத்த காதுகளை அறுத்து எடுத்தார்கள். அறுக்கும்போதுதான் பார்த்தேன். காதின் உட்பக்கத்தில், வெல்டிங்காலேயே ஓர் எழுத்து போட்டிருந்தது. 'அ'.

அர்த்தநாரி அண்ணன் தான் செய்த ஒவ்வொரு மாஸ்ட் காதிலும் தன் எழுத்தைப் போடுவார். மேலே பெயிண்ட் ஏறிவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும். அந்த 'அ' இப்போது ஸ்கிராப் குவியலில் மல்லாந்து கிடந்தது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் குடிக்கக்கூட சுற்றிக்கொண்டுதான் போனார்.

அவருடைய கோபம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்காக நான் விட்டுக்கொடுப்பதா?

"வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் குடுங்க. மாஸ்ட் வரைபடம் அத்தனையும் மாத்திக் குடுக்கறேன்" என்றேன் ஓனரிடம்.

"வெள்ளிக்கெழம மறுக்காவும் இந்த நாக்கு எறங்கலீன்னா, நான் சேலத்துக்குப் போன் போட்டுருவேனுங்க அம்மிணி. மனசுல வெச்சுக்காதீங்க."

"வெச்சுக்க மாட்டேனுங்க. போன் போட வேண்டியும் வராது" என்றேன். வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

மைல்கல்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு மகாராஷ்டிரா பக்கம் எங்கேயோ ஒரு தாபாவில் நிறுத்தியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தபோது அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏனுங்க மேடம், ரோட்டோரத்துல சேலம் முப்பதுன்னு கல்லு நட்டு வெச்சிருக்கானே, அந்தக் கல்லோட ஒசரமா முப்பது?"

"அது வேறங்க!"

"என்ன வேற? அந்த நம்பரும் இருக்கற எடத்துக்குச் சொந்தமில்ல. ஆனா பக்கத்துல ஊர்ப் பேரு எழுதியிருக்கு, அதனால எவனும் ஏமாற மாட்டான். பைபாசுல போர்டு பாத்திருக்கறியே? கோயமுத்தூர்னு எழுதி, அம்பு எங்க போவோணுமோ அந்த ரோட்டையே தொடுற மாதிரி போட்டிருப்பான். அம்பு அந்தரத்துல நின்னா நான் கெங்கவல்லிக்குப் போறதுக்குப் பதிலா கேரளாவுக்குப் போயிருவேன்."

"நீங்க எப்பவும் அப்படித்தான போறீங்க."

"பாத்தியா, சிரிச்சுட்ட. உட்டுட்டு வந்துராத. அந்த நாற்காலிக்கு எத்தன வருசம் காத்துக் கெடந்த!"

போனை வைத்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போனேன். தயிர் சாதம் பாதி டிபன் பாக்ஸிலேயே இருந்தது. ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

நீலக் கட்டங்கள்

முதலில் குறுக்கு வழிதான் தோன்றியது. எண்ணைச் சின்னதாக்கினால் உள்ளே அடங்கிவிடும். சின்னதாக்கினேன். அழகாகப் போய் உட்கார்ந்தது. பிரிண்ட் எடுத்துப் பட்டறைத் தரையில் போட்டு நின்றுகொண்டு பார்த்தேன். எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. இதில் ஒரு விரல் கிரீஸ் பட்டால் அதோகதி. கிழித்துப் போட்டேன்.

அடுத்தது அம்புகளை எடுத்துவிட்டுச் சாய்கோடு போட்டுப் பார்த்தேன். இடம் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் எண் அப்போதும் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தது.

மூன்றாவதாகத்தான் வழி கண்டேன். காது இருக்கும் இடத்தை மட்டும் தனியாக வட்டமிட்டு, தாளின் ஓரத்தில் அதைப் பல மடங்கு பெரிதாக வரைந்தேன். பெரிதானதும் சந்து அகன்றது. எண் உள்ளே நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. அம்புகளும் உள்ளே வந்து தங்கள் எல்லைக் கோட்டைத் தொட்டன.

அப்படியும் பெரிதாக்க இடமில்லாத குறுகல்கள் நிறைய. அங்கெல்லாம் ஒவ்வொரு அளவாகச் சொடுக்க வேண்டும். சொடுக்கினால் கோட்டில் குட்டிக் குட்டி நீலக் கட்டங்கள் முளைக்கும். எண்ணின் மேல் இருக்கும் கட்டத்தைப் பிடித்து இழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே காலியான இடத்தில் வைக்க வேண்டும். அங்கிருந்து ஒரு கோடு இறங்கி, எந்தத் தகட்டுக்கு அந்த அளவோ அந்தத் தகட்டையே தொட வேண்டும். பக்கத்தில் 'காது', 'சந்து' என்று தமிழிலேயே பேரும் எழுதினேன். மைல்கல்லுக்கு ஊர்ப் பேர் மாதிரி. அம்பு தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் அதைப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று அதன் மேல் ஏறும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

படிக்கிற காலத்தில் இதற்கெல்லாம் மார்க்கே கிடையாது. அளவு சரியா என்று பார்ப்பார்கள். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

வாயைத் திறக்காமல்

புதுத் தாளை எடுத்துக்கொண்டு அர்த்தநாரி அண்ணனிடம் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இதப் பாத்து, இந்தத் தகட்டுல எல்லாம் சாக்பீஸ்ல அளவு போட்டுக் குடுங்ணா. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். சும்மா நிப்பேன்."

"எனக்கு வேற சோலி இல்லீங்களா?"

தாளைப் பெஞ்சின் மேல் வைத்தேன். பிறகு சொல்லிவிட்டேன். "உங்க எழுத்தோட அந்தக் காது குப்பையில கெடக்குதுங்ணா. எனக்கும் அதப் பாக்கப் பிடிக்கல."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஸ்கிராப் குவியலைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவை அந்தப் பக்கம் பார்த்தார் என்று நினைக்கிறேன். சாக்பீசை எடுத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று என் மாமியாரைக் கேட்டால் தெரியும். அண்ணன் ஒவ்வோர் எண்ணாகத் தகட்டில் எழுதினார். சரி. சரி. சரி. நாலாவது தப்பு! நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். தாளில் அந்த இடத்தில் ஒரு பேனாக் கோடு போட்டுவிட்டு, ஸ்டோர் ரூமுக்கு ஓடி, அந்த எண்ணை நகர்த்தி, மறுபடி பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்னங்க, நான் ஏதாச்சும் தப்பா எழுதிட்டனுங்களா?"

"நீங்க இல்லீங்ணா. தாளு தப்பாச் சொல்லிருச்சு. இப்பப் பாருங்க."

இது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அவருக்கும் ருசி கண்டுவிட்டது. வேண்டுமென்றே தாளைச் சாய்த்துப் பிடிப்பார். தூரத்தில் வைத்துப் பார்ப்பார். "இது எக்கட்டால சேந்ததுங்க? இதுக்கா, அதுக்கா?" என்று மடக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் ஒரு நொடி தயங்கினால்கூட அந்த எண்ணுக்கு இடம் மாற்றம்தான். பிரிண்டர் மை தீர்ந்து, ஓனரின் மச்சான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் வாங்கிவந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணன் மாஸ்ட் தாள்கள் அத்தனையையும் தயங்காமல் படித்தார். படித்துவிட்டு, "நம்பரெல்லாம் அதது ஊடு வந்து சேந்துருச்சுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை

புதுக் காதுகளை வெட்டிப் பற்றவைத்தாயிற்று. மறுபடியும் கிரேன். மறுபடியும் கிரைண்டர்கள் அடங்கின. லாரிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஓனர் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதுமே அப்படித்தான் நிற்பார். ஆனால் அன்றைக்கு அந்தப் போனைத் தவிர என் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

"எறக்குங்க... எறக்குங்க... நெதானமா..."

நாக்கு சந்துக்கு நேராக வந்தது. ஒரு விநாடி நின்றது. பிறகு சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று. இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி இடைவெளி. அர்த்தநாரி அண்ணன் பின்னை எடுத்துக் கிரீஸ் தடவி ஓட்டையில் வைத்தார். சுத்தியலைக் கேட்கவில்லை. உள்ளங்கையால் ஒரு தள்ளு. பின் போய்விட்டது.

நான் லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம்!

அண்ணன் வெல்டிங் ஹோல்டரைக் கொண்டுவரச் சொன்னார். இந்தத் தடவை எழுத்தை முன்கூட்டியே போடாமல் வைத்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார். பொறி பறந்தது. காதின் ஓரத்தில் சிவப்பாக ஒரு 'அ' முளைத்து, மெல்லக் கறுத்தது.

கண்ணாடியைத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க பேரு என்னங்க?"

"எதுக்குங்ணா?"

"சொல்லுங்க சாமி. வெல்டிங் ராடு ஆறுது."

"சுமதி."

"சு-வா?" என்று முகத்தைச் சுளித்தார். "வளைவு சாஸ்தியா இருக்குதே. பழனியம்மான்னு கிழனியம்மான்னு வெச்சிருந்தா, 'ப' போட்டு மூணு கோட்டுல முடிச்சிருப்பனுங்க."

குனிந்து, நிறுத்தி நிறுத்தி, வளைத்து வளைத்துப் போட்டார். கொஞ்சம் கோணல்தான். ஆனால் காதின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

ஓனர் வந்து குனிந்து பார்த்தார். "இதென்னங்க புதுசா ஒன்னு? ஆருது?"

"எது மேல உக்காந்திருக்குதோ, அத வரைஞ்சவங்களுதுங்க" என்றார் அர்த்தநாரி அண்ணன், ஹோல்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

பெயிண்ட் அடிக்கிறவர் டப்பாவோடு வந்து பின்னால் காத்துக்கொண்டு நின்றார். ஓனர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"அடுத்த வண்டிக்கு லாரி சேஸ் திங்கக்கெழம வருதுங்க. அளவெடுக்கோணும். வெயிலுக்கு முன்னாடி வந்துருங்க, சுமதி."

"வாரனுங்க" என்றேன்.